சிவப்புச் சீட்டு ஒட்டிய கார்

ட்ரோல்ஹெட்டான்
24 மார்ச் 2011

குன்வோர் அக்காவுக்கு,

தம்பி ரூனே எழுதறது. நான் நல்லாருக்கேன். என் வீட்டுக்காரி ஸீவ் இடுப்பு வலி, இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டே வீட்டு ஜன்னல் அத்தனையும் துடைச்சு முடிச்சுட்டா, அதனால அவளும் நல்லாத்தான் இருக்கான்னு வச்சுக்கோ. உன் முட்டி எப்படி? அத்தான் எப்படி இருக்கார்? உங்க வில்ஹெல்மினாவுல பனி இன்னும் ஜன்னல் உயரம் இருக்கும்.

போன்ல நான் வானிலைக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு உனக்கே தெரியும். இதை எழுதத்தான் முடியும். இன்னிக்கு அத்தான் ஆர்டர் பண்ணின புதுக் கார் என் கைக்கு வந்துச்சு. ஆர்டர் நம்பர் கடைசி நாலு எண் 4417. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவர் அனுப்பின காகிதத்தை ஃப்ரிட்ஜ் மேலயே ஒட்டி வச்சிருந்தேன், ஸீவ் அதைப் பாத்துப் பாத்து அலுத்துட்டா. சாம்பல் கலந்த நீலம். நல்ல நிறம்.

நாப்பத்திரண்டு வருஷமா இந்த சாப் ஃபேக்டரில கதவு பொருத்தறேன். அமெரிக்காவுல எவனோ டாக்டருக்கும் வாத்தியாருக்கும் பொருத்தியிருக்கேன். சொந்தக்காரங்க வண்டி ஒண்ணு கூட என் இடத்துக்கு வந்ததில்ல. அத்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னை வாசலுக்கு இழுத்துட்டுப் போய் தன் கார்க் கதவைச் சாத்திக் காட்டுவாரே, "கேட்டியா மச்சான், பிஸ்கட் டப்பா சத்தம், இதை மாட்டினவனுக்குக் காது கேக்காதா?"ன்னு. இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

டிரைவர் பக்கத்துக் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எனக்குப் பிடிக்கல. குறை இருக்குன்னு சிவப்புச் சீட்டு ஒட்டி வண்டியை லைன்லேர்ந்து இறக்கி ஓரத்துல ஒதுக்கிட்டேன். கதவு ரப்பரையும் உருவிட்டேன். ஒரு தடவை உருவினதைத் திரும்பப் போடக் கூடாது, அதனால குப்பையில போட்டாச்சு. புது ரப்பர் அடுத்த வாரம் வரும். என் கையால கதவை உக்கார வச்சு, ரப்பர் போட்டு அனுப்பறேன். ஒரு வாரம் தாமதம், அவ்வளவுதான். அத்தான்கிட்ட சொல்லு, பொறுத்தது வீண் போகாதுன்னு.

ஸீவ் உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா.

தம்பி ரூனே


வில்ஹெல்மினா
11 ஏப்ரல் 2011

தம்பி ரூனேவுக்கு,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. முட்டி அப்படியேதான் இருக்கு, விசாரிச்சதுக்குச் சந்தோஷம். அத்தான் சாப்பிடறார், தூங்கறார், ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருக்கார்.

ரேடியோல உங்க லைன் நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. பாகம் சப்ளை பண்றவங்க அனுப்ப மாட்டேங்கறாங்களாம், பழைய பாக்கியாம். நெசமா? ரெண்டு நாள்ல ஓடிடுமா?

லெட்டரை அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன். இப்பல்லாம் எதையும் நாந்தான் படிக்கணும், கண்ணாடி சரியில்லைங்கறார். சிவப்புச் சீட்டு விஷயத்தை மட்டும் படிக்கல. ஒரு வாரம்னு கேட்டா அவர் ஒரு வாரமும் கூடத்துலயே நடந்துக்கிட்டிருப்பார், உனக்குத் தெரியாதா. லாரி கிடைக்கல, அதான் தாமதம்னு நானே சேர்த்துப் படிச்சுட்டேன். இப்போ லைனே நின்னதுக்கு அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல.

இன்னொண்ணு. பழைய காரை டீலர்கிட்ட மார்ச் கடைசியிலேயே திருப்பிக் கொடுத்துட்டார். நான் சொல்லச் சொல்லக் கேக்கல. புதுசு வரும்போது பழசு வாசல்ல நின்னா புதுசுக்கு மரியாதை இல்லையாம். இப்போ கடைக்கு நாப்பது கிலோமீட்டர், வாரத்துக்கு ரெண்டு பஸ். என்னை ஓட்டச் சொல்லாதே, எழுபத்தொண்ணாம் வருஷம் பள்ளத்துல விட்டதோட சரி.

ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கோங்க.

அக்கா குன்வோர்


ட்ரோல்ஹெட்டான்
2 மே 2011

அக்காவுக்கு,

நாங்க சுகம். இங்க ஆத்துல தண்ணி பெருகி ஓடுது, மரமெல்லாம் துளிர் விட்டாச்சு.

நெசம்தான், ஓடல. காலைல ஆறு நாப்பதுக்கு எல்லாரும் வழக்கம் போலப் போறோம். சீருடை மாட்டறோம். அப்புறம் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. முதல் வாரம் தரையைப் பெருக்கினோம். ரெண்டாவது வாரம் பெருக்கின தரையைக் கழுவினோம். இப்போ அலமாரிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கறோம். எங்க ஃபோர்மேன் கென்த் கைல கடியாரத்தைப் பிடிச்சுக்கிட்டு அங்க இங்க நடக்கறான், அளக்க ஒண்ணும் இல்லாம. வியாழக்கிழமை மட்டும் கேன்டீன்ல எப்பவும் போலப் பட்டாணி சூப்பும் அப்பமும் வருது. அன்னிக்குதான் வேலை நாள் மாதிரி இருக்கு.

லைன் மேல பாதிப் பாதியா வண்டிங்க தொங்குது. ஒண்ணுக்குச் சீட் இல்ல, ஒண்ணுக்குக் கண்ணாடி இல்ல. நான் சேந்தப்போ இந்தக் கூடத்துல நின்னா இரைச்சல்ல பக்கத்தாள் பேசறது காதுல விழாது. விமானம் செஞ்சவங்க ஆரம்பிச்ச கம்பெனி இது, கார் எப்படிச் செய்யணும்னு யாரும் சொல்லித் தராததால அவங்க இஷ்டத்துக்குச் செஞ்சாங்க, சாவித் துவாரத்தைக் கொண்டுபோய் ரெண்டு இருக்கைக்கு நடுவுல வச்சாங்க, உலகமே சிரிச்சுச்சு, அப்புறம் வரிசையில நின்னு வாங்குச்சு. இப்போ கூடத்துல இருமினா எதிரொலி கேக்குது.

4417 ஓரத்துல பத்திரமா நிக்குது. தினம் துணியால தூசி தட்டறேன். டிரைவர் பக்க ரப்பர் ஒண்ணுதான் இல்ல. அது வந்தா அரை நாள் வேலை.

அத்தானைக் கேட்டதாச் சொல்லு.

ரூனே


வில்ஹெல்மினா
19 மே 2011

தம்பிக்கு,

முதல் தாளை அத்தான் பக்கத்துல உக்காந்து எழுதினேன். அதுல ஏரிப் பனி உடைஞ்சது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதுன்னு இருக்கும். இந்தத் தாள் தனி. இது உனக்கு மட்டும்.

கண்ணாடி சரியில்லைன்னு எழுதினேனே, அது பொய். அத்தானுக்குக் கண்ணுல அழுத்தம். சுத்தி எல்லாம் இருட்டிக்கிட்டு வருது, நடுவுல ஒரு வட்டம் மட்டும் தெரியுதாம். உங்க கார்ல ராத்திரி ஓட்டும்போது ஒரு பொத்தானை அமுக்கினா எல்லா விளக்கும் அணைஞ்சு வேகமுள் மட்டும் தெரியுமே, அப்படி இருக்குங்கறார். சொல்லிட்டுச் சிரிக்கறார்.

ஜனவரியில உமெயோ ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அக்டோபர்ல திரும்பப் பாக்கணும், அப்போ பார்வை இதைவிடக் குறைஞ்சிருந்தா லைசென்ஸை எடுத்துருவோம்னாங்க. குறையும்னு டாக்டர் முகத்துலயே எழுதியிருந்துச்சு. திரும்பி வர்ற வழியிலதான் டீலர் கடையில இறங்கி ஆர்டர் கொடுத்தார். புதுசு வாங்கச் சொல்லி நீ கேட்டதுக்காகன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. "ஒரு கோடை போதும் குன்வோர், புதுசுல ஒரு கோடை ஓட்டிட்டுச் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்துருவேன்"னார். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். மீறிட்டேன்.

அதனால கேக்கறேன், ரூனே. அந்த ரப்பர் எப்போ வரும்?

குன்வோர்


ட்ரோல்ஹெட்டான்
12 ஜூன் 2011

அக்காவுக்கு,

உன் தனித் தாளைப் படிச்சுட்டு அடுப்புல போட்டுட்டேன். ஸீவுக்குக் கூடச் சொல்லல.

மே கடைசியில லைன் ஓடுச்சு, ரேடியோல கேட்டிருப்பே. வாசல்ல கொடி ஏத்தினாங்க, கேக் வெட்டினாங்க. கென்த் அழுதான். நான் கேக்கை விட்டுட்டு ஸ்டோருக்கு ஓடினேன். ரப்பர் ஒரு பெட்டி வந்திருந்துச்சு. லைன் மேல இருக்கற வண்டிக்கு மட்டும்தான், ஓரத்துல நிக்கறதுக்கு அப்புறம்னாங்க. கென்த்கிட்டக் கெஞ்சினேன். நாப்பத்திரண்டு வருஷத்துல நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல. "லைன்ல இருக்கறதுக்கே பத்தல ரூனே, நான் என்ன பண்ணட்டும்"னான். அவன் மேல தப்பில்ல. ஓரத்துல நிக்கற வண்டிக்கு முறை கடைசி, அந்தச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

லைன்ல 4417-க்கு முன்னாடி வந்த வண்டியும் பின்னாடி வந்த வண்டியும் மார்ச்லயே லாரி ஏறிப் போயிடுச்சு.

கொஞ்ச நாள்தான் ஓடுச்சு. திரும்ப நின்னுடுச்சு. இந்த மாசச் சம்பளமும் தள்ளிப் போகும்னு பேச்சு. எனக்கு அது பெரிசாத் தோணல.

என் பழைய காரோட ரப்பரை உருவிக் கொண்டுபோய் வச்சுப் பாத்தேன். பொருந்தல. வேற மாடல். தெரிஞ்சேதான் பாத்தேன்.

ரூனே


வில்ஹெல்மினா
21 ஆகஸ்ட் 2011

தம்பிக்கு,

பதில் போட ரெண்டு மாசம் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ. எழுத உக்காந்தா என்ன எழுதறதுன்னு தெரியல. முட்டி பரவாயில்ல. காட்டுல மஞ்சள் பழம் நிறைய, ஆனா பொறுக்கற இடத்துக்குப் போக வண்டி வேணும். பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு வாளி கொண்டு வந்து கொடுத்தாங்க.

டீலர் நல்ல மனுஷன். சும்மா ஓட்டிக்கிட்டிருங்கன்னு ஒரு ஜப்பான் காரைக் கொண்டு வந்து வாசல்ல நிறுத்தினார். அத்தான் அதைச் சுத்தி வந்தார், கதவைத் திறந்து சாத்தினார். "நல்லாத்தான் சாத்துது"ன்னார். அப்புறம் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டார். நான் கத்தினேன். இது வீம்பா, கிறுக்கான்னு கேட்டேன். அறுபத்திரண்டாம் வருஷம் வாங்கின முதல் காரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். பெட்ரோல்ல எண்ணெயைக் கலந்து ஊத்தணும், புகையும் பட்டாசுச் சத்தமுமா வரும், தவளை வருது தவளை வருதுன்னு ஊரே சிரிக்கும். பனி விழுந்து மேட்டுல எல்லார் வண்டியும் சறுக்கி நிக்கும்போது தவளை மட்டும் ஏறும், சிரிச்சவங்களைக் கயிறு கட்டி இழுத்து விடும். இதை நான் ஐம்பது வருஷமாக் கேக்கறேன். இந்தத் தடவை நடுவுல நிறுத்திட்டு, மேடு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு என்னைக் கேட்டார்.

தினம் தபால் பெட்டி வரைக்கும் நடக்கறார். வேலியைத் தொட்டுக்கிட்டே போறார். கோடை முடியப் போகுது, ரூனே.

ஸீவைக் கேட்டதாச் சொல்லு.

குன்வோர்


ட்ரோல்ஹெட்டான்
4 அக்டோபர் 2011

அக்காவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். ஸீவ் முதியோர் இல்லத்துல கூடுதல் ஷிப்ட் வாங்கியிருக்கா.

கம்பெனி விஷயம் கோர்ட்டுக்குப் போயிருக்கு, கடன்காரங்க நெருக்காம கொஞ்சம் மூச்சு விட அவகாசம் கொடுத்திருக்காங்க. சீனாக்காரங்க வாங்கப் போறாங்கன்னு காலைல ஒரு பேச்சு. சாயங்காலம் இல்லைன்னு ஒரு பேச்சு. எங்களை வீட்லயே இருக்கச் சொல்லிட்டாங்க. நான் எப்பவாவது காவலாளிகிட்டச் சொல்லிட்டு உள்ள போய் தூசி தட்டிட்டு வரேன். ரப்பர் இன்னும் வரல.

அத்தானுக்கு என்னிக்கு டாக்டர்? எழுது.

ரூனே


வில்ஹெல்மினா
20 அக்டோபர் 2011

தம்பிக்கு,

நேத்து போயிட்டு வந்தோம். பஸ்ல போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். டாக்டர் பேச வாயெடுக்கறதுக்கு முன்னாடியே அத்தான் பர்ஸைத் திறந்து லைசென்ஸை எடுத்து மேஜை மேல வச்சுட்டார். டாக்டர், இதை நான் வாங்க முடியாது, அதிகாரிங்க கடிதம் போட்டுக் கேப்பாங்கன்னார். "அப்போ கடிதம் வர்ற வரைக்கும் நான் ஓட்டலாமா?"ன்னு கேட்டார் அத்தான். கூடாதுன்னார் டாக்டர். "பயப்படாதீங்க, எங்கிட்ட ஓட்டறதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னுட்டு எழுந்துட்டார்.

வீட்டுக்கு வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கோப்பைக்கு வெளிய கொஞ்சம் சிந்திடுச்சு, நான் பாக்காத மாதிரி இருந்தேன்.

உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நானும் எடுக்கல. முதல் பனி விழுந்துடுச்சு. உடம்பைப் பாத்துக்கோ.

குன்வோர்


ட்ரோல்ஹெட்டான்
20 டிசம்பர் 2011

அக்காவுக்கு,

நேத்து திவாலாயிடுச்சு. முன்னாடி எங்க கம்பெனியை வச்சிருந்த அமெரிக்காக்காரங்க விக்கறதுக்குச் சம்மதம் கொடுக்கல, சீனாக்காரங்க விலகிட்டாங்க, எங்க முதலாளி கோர்ட்டுக்குப் போய் அவரே மனு கொடுத்துட்டார். நான் கடையில கிறிஸ்துமஸ் பன்றித்தொடை வாங்க வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். முன்னாடி நின்ன பொண்ணு போனைப் பாத்துட்டுத் திரும்பி, "முடிஞ்சுடுச்சு"ன்னா. வரிசையில ஒருத்தரும் எதுன்னு கேக்கல. எல்லாரும் அவங்கவங்க சாமானை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆர்டர் எதுவும் இனி செல்லாது. 4417 கோர்ட்டு ஆள் பொறுப்புல போயிடுச்சு, நான் தூசி தட்டக் கூட உள்ள விட மாட்டாங்க.

அக்கா, ஒன்பது மாசமா நாம ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடாமலே எழுதறோம். நான் சிவப்புச் சீட்டு ஒட்டாம இருந்திருந்தா அந்தக் கார் மார்ச் கடைசி லாரியில ஏறியிருக்கும். அத்தான் கோடை பூரா ஓட்டியிருப்பார். ஃபேக்டரி மூடினது என் கையில இல்ல, ஆயிரக்கணக்கான பேர் என்ன பண்ண முடிஞ்சுச்சு. இது என் கையில இருந்துச்சு. தூக்கம் வரல. சாப்பாடு இறங்கல. நீ அன்னிக்குப் படிக்காம விட்டதை இப்போ அவருக்குப் படிச்சுக் காட்டு. திட்டட்டும். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாங்க வரல.

ரூனே


வில்ஹெல்மினா
9 ஜனவரி 2012

மச்சான்,

பட்டையா எழுதற பேனாவுல எழுதறேன், ஒரு தாளுக்கு நாலு வரிதான் வருது. கோணலா இருந்தா சரி பண்ணிப் படி. உங்கக்காவுக்குத் தெரியாது, தூங்கறா.

உன் லெட்டரை அவ படிச்சா. அழுதுக்கிட்டே படிச்சா. எனக்கு அது புதுசில்ல. மார்ச்ல வந்த உன் முதல் லெட்டரை அன்னிக்கே பூதக்கண்ணாடி வச்சு நான் படிச்சுட்டேன். அவ அந்த இடத்தைத் தாண்டிப் படிச்சப்போ வேணும்னுதான் கேக்கல.

நானா இருந்தாலும் சீட்டு ஒட்டியிருப்பேன். கோணக் கதவை அத்தான் காருன்னு கண்டுக்காம விட்டா நீ என்ன வேலைக்காரன். அதனால சாப்பிடு, தூங்கு.

ஒண்ணு மட்டும் எழுது. இடைவெளி எவ்வளவு இருந்துச்சு? அதை நீ எந்த லெட்டர்லயும் எழுதல.

ஹில்டிங்


ட்ரோல்ஹெட்டான்
22 ஏப்ரல் 2012

அத்தானுக்கு,

நீங்க கேட்டு மூணு மாசம் ஆயிடுச்சு. பேனாவை எடுப்பேன், வச்சுருவேன். உங்க கண்ணு இப்போ எப்படி இருக்குன்னு போன்ல அக்கா சொன்னா. நாங்க சுகம்.

போன மாசம் கோர்ட்டு ஆளுங்க கூப்பிட்டாங்க. பாதியில நின்ன வண்டிகளை முடிச்சு மொத்தமா விக்கணும், கதவுக்கு ஆள் வேணும்னாங்க. ஆறு வாரம் வேலை. நான், கென்த், இன்னும் கொஞ்சம் பேர். எங்க கடைசி ஆறு வாரம் அது. 4417-ஐ எனக்கு விக்கச் சொல்லிக் கேட்டேன். ஒத்தை ஒத்தையா விக்க முடியாதுன்னாங்க. நான் கேட்டதைப் பேப்பர்ல குறிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

வண்டி நான் விட்ட இடத்துலயே இருந்துச்சு, சீட்டும் அப்படியே ஒட்டியிருந்துச்சு. ரப்பர் ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு, எடுக்க ஆளில்லாம. அளவுத் தகட்டை எடுத்து இடைவெளியைத் திரும்ப அளந்தேன். போன வருஷம் மார்ச்ல எவ்வளவு இருந்துச்சோ அதேதான் இருந்துச்சு.

இருக்க வேண்டிய அளவைவிட ஒரு மில்லிமீட்டர்ல பத்துல நாலு பங்கு கூட. ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் விடலாம்னு சட்டம். அளவுக்குள்ளதான் இருந்துச்சு, அத்தான். கதவுல ஒரு கோணலும் இல்ல. வேற யார் வண்டியா இருந்தாலும் பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். உங்க வண்டிங்கறதால நிறுத்தினேன். டப்பா சத்தம்னு நீங்க சொல்லக் கூடாதுன்னு.

அதனால இந்தத் தடவை இடைவெளியைத் தொடல. புது ரப்பர் போட்டேன், சீட்டை உரிச்சேன், கண்ணை மூடிக்கிட்டுக் கதவைச் சாத்தினேன். நல்லாச் சாத்துச்சு. வெள்ளிக்கிழமை மத்த வண்டிங்களோட லாரியில ஏத்திட்டாங்க. யார் வாங்கினாங்கன்னு எங்களுக்குச் சொல்லல.

அக்கா, இதை நீதான் படிச்சுக்கிட்டிருப்பே. என் முதல் லெட்டரை அவர் மார்ச்லயே பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சிருக்கார், உனக்குக் கோபம் வரும், அப்புறம் சண்டை போட்டுக்கோ. இப்போ மில்லிமீட்டர் எழுதியிருக்கற இடத்தை நீ தாண்டிப் போயிருந்தா, திரும்பப் போய் அதைச் சத்தமா அவருக்குப் படி.

ரூனே